1991 எம்எக்ஸ்-5: பெட்ரோல் ஃபில்டர் மாற்ற வேண்டும், எதை வாங்குவது?

நாலாம்கியர்:
வணக்கம். என்னிடம் இருப்பது 1991 மஸ்டா எம்எக்ஸ்-5, கூரை திறக்கிற இரண்டு சீட் கார், 1.6 லிட்டர் இன்ஜின். வாங்கி எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன் ஐந்தாறு வருடம் ஷெட்டிலேயே நின்றிருந்த வண்டி. ஸ்டார்ட் ஆவதில் குறை இல்லை, ஐடிலில் குறை இல்லை, மெதுவாக ஓட்டினால் ஒன்றுமே தெரியாது. மூன்றாவது கியரில் முழுசாக மிதித்து 5,000 சுற்றைத் தாண்டும்போது மட்டும், பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி திணறுகிறது. காலை எடுத்தால் சரியாகிவிடும்.

ஸ்பார்க் பிளக், வயர் இரண்டும் புதுசு. குனிந்து ஃபில்டரைப் பார்த்தேன். மேலே இருந்த எழுத்தெல்லாம் துருவில் போய்விட்டது, எத்தனை வயது என்று சொல்ல வழியில்லை. மாற்றிவிடலாம் என்று தேடினால் மூன்று வகை கிடைக்கிறது. கம்பெனி பெட்டியில் வரும் ஒரிஜினல், வெளி பிராண்டுகள், அப்புறம் கழற்றிக் கழுவிப் போடுகிற ஸ்டீல் வலை வைத்த 'ரேஸிங்' ஃபில்டர். மூன்றாவது பார்க்க அழகாக இருக்கிறது. எதை வாங்கட்டும்?

ரெட்டைக்கார்ப்:
இவ்வளவு யோசிக்க வேண்டாம். பத்து வருடமாக என் பழைய ரோட்ஸ்டரில் கண்ணாடி ஃபில்டர்தான். அழுக்கு சேர்வது கண்ணுக்கு நேராகத் தெரியும், திருகைக் கழற்றி உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினால் போதும். ஹோஸை வெட்டி நடுவில் சொருகு, வேலை முடிந்தது.

கரிபடிந்தகை:
தம்பி, இதை மட்டும் செய்துவிடாதீர்கள். ரெட்டைக்கார்ப் பொய் சொல்லவில்லை, அவர் வண்டிக்கு அது சரி. கார்புரேட்டருக்குப் போகிற பம்ப் தருவது 3 முதல் 5 பிஎஸ்ஐ. உங்களுடையது இன்ஜெக்‌ஷன். பிரஷரைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றிவிட்டு அளந்தால் 270 முதல் 320 கிலோபாஸ்கல் வர வேண்டும் என்று சர்வீஸ் புத்தகம் சொல்கிறது. அதாவது சுமார் 39 முதல் 46 பிஎஸ்ஐ. பத்து மடங்கு. கண்ணாடிக் குழாயின் இரு முனையிலும் இருக்கிற மெல்லிய ரப்பர் வளையத்தை நம்பி அந்த பிரஷரை ஏற்றக் கூடாது.

ஒரு முறை ஒரு இன்ஜெக்‌ஷன் வண்டி "பெட்ரோல் வாடை வருகிறது, அவ்வளவுதான்" என்று என்னிடம் வந்தது. யாரோ ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபில்டரைச் சொருகியிருந்தார்கள். தையல் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கீறல். பம்ப் ஓடும்போது மட்டும் அதிலிருந்து புகை போல பெட்ரோல் பீய்ச்சி, பக்கத்து பாடித் தகட்டில் பனி மாதிரிப் படிந்திருந்தது. சைலன்சர் பைப் ஒரு சாண் தூரத்தில். அந்த வண்டி என் கடை வரை ஓடி வந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

இன்னொன்று. ஃபில்டருக்குள் பெட்ரோல் உரசிக்கொண்டு போகும்போது நிலைமின்சாரம் உண்டாகும். இரும்பு உடம்பு அதை பிராக்கெட் வழியாக பாடிக்கு இறக்கிவிடும். சாதாரண பிளாஸ்டிக்கில் அதற்கு வழி கிடையாது. கம்பெனி உங்களுக்கு இரும்பு டப்பா கொடுத்தது சும்மா இல்லை.

ரெட்டைக்கார்ப்:
சரி, அது இன்ஜெக்‌ஷன் என்று கவனிக்கவில்லை. சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் வண்டியில் அது இருக்கும் 🙂

மழையில்திறந்தகூரை:
ஸ்டீல் வலை ஃபில்டர் நீல நிறத்தில் வரும், வண்டிக்கு அடியில் இருக்கும், யார் கண்ணிலும் படாது. அழகுக்காக வாங்குவதானால் கியர் நாப் வாங்குங்கள்.

அளவுகோல்:
ஸ்டீல் வலையைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எண் போட்டிருப்பார்களே, அதைப் பாருங்கள். 100 மைக்ரான் வலை என்பது பம்புக்கு *முன்னால்* போடுவது, பம்பைக் கல் மண்ணிலிருந்து காப்பாற்ற. மனிதத் தலைமுடியே சுமார் 70 மைக்ரான்தான், அதைவிடப் பெரிய ஓட்டை அது. பம்புக்குப் *பின்னால்*, இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தூவுகிற இன்ஜெக்டரைக் காப்பாற்ற 10 மைக்ரான் அளவில் வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி உருளையில் வருவதால் நிறைய பேர் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

10 மைக்ரான் என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்தும் நம்ப முடியாது. 'நாமினல்' என்றால் அந்த அளவுத் துகளில் ஒரு பங்கைப் பிடிக்கும் என்று மட்டும் பொருள். எத்தனை பங்கு என்பது தயாரிப்பவர் மனசு. ஒழுங்காகச் சொல்பவர்கள் பீட்டா எண் கொடுப்பார்கள். 10 மைக்ரானில் பீட்டா 75 என்றால், உள்ளே 75 துகள் போனால் ஒன்று தப்பிக்கும். அதாவது 98.7 சதவீதம் பிடிபடும். பீட்டா 2 என்றால் பாதி தப்பிக்கும். இரண்டு பெட்டியிலும் '10 மைக்ரான்' என்றுதான் எழுதியிருக்கும்.

அதற்காக 3 மைக்ரான் தேடிப் போகவும் வேண்டாம். அதே டப்பாவில் இன்னும் நெருக்கமான வடிகட்டும் தாளை வைத்தால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். உள்ளே எவ்வளவு தாள் மடித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம், அது வெளியே தெரியாது. மலிவு ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் டப்பா பெரிதாக, உள்ளே தாள் பாதி உயரத்துக்கு மட்டும் இருக்கும். இதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோல் ஊற்றுவதாக இருந்தால் மட்டும் தாள் ஊறிப்போகும் என்று கண்ணாடி இழையோ ஸ்டீலோ போடச் சொல்வார்கள். சாதாரண ஓட்டத்துக்கு ஒரிஜினல் வகைத் தாளே போதும்.

நாலாம்கியர்:
நன்றி அளவுகோல். நீல ஃபில்டர் ஆசை போய்விட்டது. ஒரு சந்தேகம்: ஃபில்டர் அடைத்திருந்தால் எப்போதும்தானே திணற வேண்டும்? மெதுவாக ஓட்டும்போது ஏன் ஒன்றும் தெரிவதில்லை? பிரஷர் கேஜ் இரவல் வாங்கி ஐடிலில் பார்த்தேன், புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்குள்தான் காட்டுகிறது. அப்படியானால் ஃபில்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

கரிபடிந்தகை:
இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உங்கள் வண்டியில் ரிட்டர்ன் லைன் இருக்கிறது. இன்ஜின் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பம்ப் தன் முழு வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். தேவைக்கு மேல் வருவதை ரெகுலேட்டர் டேங்க்குக்கே திருப்பி அனுப்பும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐடிலில் இன்ஜின் குடிப்பது மணிக்கு ஒரு லிட்டர் சொச்சம். 116 குதிரைசக்தியையும் முழுசாகக் கேட்டால் மணிக்கு ஏறத்தாழ 35 லிட்டர். ஃபில்டர் பாதி அடைத்திருந்தாலும் ஐடிலில் தேவைக்குப் பல மடங்கு வந்துகொண்டுதான் இருக்கும். ரெகுலேட்டர் திருப்பி அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கிற ரெயில் குழாயில் பிரஷரைச் சரியாக வைத்துக் காட்டிவிடும். கேஜ் பார்க்கிறவருக்கு எல்லாம் சரி என்று தோன்றும். முழுசாக மிதித்து, இன்ஜின் கேட்பது ஃபில்டர் விடுவதைத் தாண்டிய அந்த நொடியில்தான் பிரஷர் விழும். கலவை மெலியும், வண்டி திணறும். உங்கள் 5,000 சுற்று அந்த இடம்தான்.

ஆகவே ஐடில் அளவு ஒன்றையும் நிரூபிக்காது. நீளமான ஹோஸ் போட்ட கேஜை வெளியே, கண்ணாடிக்கு முன்னால் கட்டி, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து மூன்றாவது கியரில் ஓட்டிப் பாருங்கள். கேஜை எக்காரணம் கொண்டும் உள்ளே கொண்டுவராதீர்கள்.

முள் விழுந்தாலும் ஃபில்டர்தான் என்று முடிவு கட்ட முடியாது. பம்ப் தேய்ந்திருக்கலாம், பம்புக்குப் போகிற வோல்டேஜ் வயரிலேயே கரைந்திருக்கலாம், டேங்க்குக்குள் பம்ப் அடியில் இருக்கிற சல்லடை அடைத்திருக்கலாம், டேங்க் மூச்சு விட முடியாமல் இருக்கலாம். திணறும்போது நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை 'உஸ்' என்று உள்ளே இழுத்தால் கடைசியாகச் சொன்னது. ஆனால் வயசு தெரியாத ஃபில்டரை எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும், அதில் தொடங்குவது தப்பில்லை.

கேஜெட்ரோனிக்:
என்னுடையது பழைய ஜெர்மன் கூபே, கே-ஜெட்ரோனிக். 1973-ல் வந்த இன்ஜெக்‌ஷன் முறை, கம்ப்யூட்டர் கிடையாது, 5 பார் பிரஷரில் எந்நேரமும் தூவிக்கொண்டே இருக்கும். அதன் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற பிளவு 0.2 மி.மீ. அகலம்தான். ஃபில்டரில் சிக்கனம் பார்த்தவர்கள் அந்த டிஸ்ட்ரிப்யூட்டர் விலையைக் கேட்டுவிட்டு வந்து அழுவார்கள்.

என்னைப் போல திருகு இணைப்பு உள்ளவர்களுக்கு இரண்டு விஷயம். பழைய செப்பு வாஷரை மறுபடி போடாதீர்கள், அது ஒரு முறை நசுங்குவதற்கென்றே செய்தது. திருகும்போது இரண்டு ஸ்பேனர், ஒன்று ஃபில்டரின் அறுகோணத்தைப் பிடிக்க, ஒன்று நட்டைச் சுற்ற. ஒரே ஸ்பேனரில் போராடி இரும்புப் பைப்பையே முறுக்கிப் பிய்த்தவன் நான். எம்எக்ஸ்-5 காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், ரப்பர் ஹோஸும் கிளாம்பும்தான்.

நாலாம்கியர்:
வெளி பிராண்ட் ஒன்று வாங்கினேன், பெட்டி வந்தது. '1989 முதல் 2005 வரை எல்லா மாடலுக்கும்' என்று விளம்பரத்தில் இருந்தது. பெட்டியைத் திறந்து பழையதற்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால், வெளியேறும் முனையின் வளைவு வேறு திசையில் திரும்பியிருக்கிறது. உடம்பும் கொஞ்சம் ஒல்லி, பிராக்கெட்டுக்குள் ஆடுகிறது. ரப்பர் துண்டு ஒன்றைச் சுற்றி இறுக்கிவிடலாமா?

கரிபடிந்தகை:
வேண்டாம். திருப்பி அனுப்புங்கள். வளைவு மாறினால் ஹோஸ் மடங்கும், மடங்கின இடத்தில் வெடிக்கும். ரப்பர் சுற்றினால் டப்பாவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கிற மின் தொடர்பும் போச்சு.

'எல்லா மாடலுக்கும்' என்ற வார்த்தையைப் பார்த்தாலே தள்ளி நில்லுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி பார்ட் நம்பரை எடுங்கள், அந்த நம்பருக்கு ஈடாக எந்த பிராண்ட் எந்த எண்ணைத் தருகிறது என்று *அந்த பிராண்டின்* கேட்டலாக்கில் பாருங்கள், விற்பவர் எழுதியதை நம்பாதீர்கள். கடைசியாக நாலு அளவு எடுத்துச் சரிபாருங்கள்: உடம்பின் விட்டம், நீளம், முனைகளின் விட்டம், வளைவின் கோணம். ஹோஸ் 8 மி.மீ. என்றால் 5/16 அங்குலமும் அதேதான், 7.94 வரும், பயப்பட வேண்டாம். 3/8 என்று எழுதியிருந்தால் அது 9.5, கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் ஒருநாள் ஒழுகும்.

மழையில்திறந்தகூரை:
மஸ்டாவே முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு (ஜப்பானில் எம்எக்ஸ்-5க்கு அதுதான் பெயர்) புதுப்பிப்புத் திட்டம் என்று 2017-ல் ஜப்பானில் அறிவித்து, நின்றுபோன பாகங்கள் சிலவற்றைத் திரும்பச் செய்ய ஆரம்பித்தது. கூரைத் துணி, நார்டி ஸ்டீயரிங், பழைய மாதிரியிலேயே பிரிட்ஜ்ஸ்டோன் டயர் வரை. டயரையே திரும்ப வார்க்கிற வண்டிக்கு ஃபில்டர் கிடைக்காமலா போகும்? ஒரிஜினலையே வாங்கிப் போடுங்கள்.

அளவுகோல்:
ஒரிஜினலே சரி. வெளி பிராண்ட் கெட்டது என்று சொல்ல மாட்டேன். மான்-ஹம்மல் என்ற ஃபில்டர் கம்பெனி 2016-ல் விக்ஸ் பிராண்டை வாங்கிவிட்டது, அதற்கு முன்பே பியூரோலேட்டர் பிராண்டும் அவர்கள் கையில். பெட்டியின் நிறத்துக்காகச் சண்டை போடுகிறவர்கள் பல நேரம் ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சண்டை போடுகிறார்கள். ஆனால் இந்த வண்டியில் ஒரிஜினல் போட்டால் மேலே சொன்ன நாலு அளவை எடுக்கிற வேலை மிச்சம்.

நாலாம்கியர்:
ஒரிஜினல் ஆர்டர் போட்டாச்சு. மாற்றும்போது கவனிக்க வேண்டியது?

கரிபடிந்தகை:
முதலில் பிரஷரை இறக்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, டாஷ்போர்டுக்கு அடியில் பெடல்களுக்கு மேலே இருக்கிற, பம்புக்கு மின்சாரம் விடுகிற சர்க்யூட் ஓப்பனிங் ரிலேயின் கனெக்டரைப் பிடுங்குங்கள். சில விநாடியில் தானாக நிற்கும். சாவியை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இன்ஜின் முழுசாக ஆறட்டும்.

வண்டியை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள். வலப் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் பிளாஸ்டிக் மறைப்பு, அதற்குப் பின்னால் ஃபில்டர். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிரஷர் இறக்கினாலும் ஒரு கை அளவு பெட்ரோல் முகத்துக்கு நேராக வரும். இழை பல்பு வைத்த கை விளக்கு வேண்டவே வேண்டாம், ஒரு சொட்டு பட்டு பல்பு உடைந்தால் தீர்ந்தது. எல்ஈடி டார்ச், பக்கத்தில் தீயணைப்பான்.

முப்பது வருட ஹோஸ் முனையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். இழுக்காதீர்கள், முதலில் திருகி அசைத்து ஒட்டலை உடையுங்கள். அதையும் மீறி வராவிட்டால் ஹோஸைக் கிழித்தெடுங்கள், எப்படியும் புது ஹோஸ் போடப் போகிறீர்கள். ஹோஸ் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஆர்7 கார்புரேட்டருக்கு. கிளாம்ப் இன்ஜெக்‌ஷன் வகை, உள்பக்கம் வழுவழுப்பாக, ஓரம் மடித்தது. துளை போட்ட சாதாரண திருகு கிளாம்ப் ரப்பரைத் துருவி எடுத்துவிடும். ஃபில்டர் மேல் அம்புக்குறி இருந்தால் அது இன்ஜினைப் பார்க்க வேண்டும்.

முடிந்ததும் நேராக ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இன்ஜின் அறையில் டயக்னாஸ்டிக் பெட்டி இருக்கிறதே, அதில் எஃப்/பி, ஜிஎன்டி என்று எழுதிய முனைகள் இரண்டையும் ஒரு வயரால் இணைத்து சாவியை ஆன் செய்தால் பம்ப் மட்டும் ஓடும். 1.6-ல் சாதாரணமாக, இன்ஜினுக்குள் போகிற காற்றை அளக்கிற ஏர்ஃப்ளோ மீட்டரின் மடல் திறந்தால்தான் பம்ப் தொடர்ந்து ஓடும், அதற்காகத்தான் இந்தக் குறுக்கு வழி. பம்ப் ஓடும்போது அடியில் போய் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே போகிற முனை வழியாக வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பாருங்கள்.

நாலாம்கியர்:
மாற்றியாச்சு. ஞாயிறு முழுக்கப் போனது, ஹோஸைக் கிழித்துத்தான் எடுத்தேன். வண்டி பழையபடி பறக்கிறது.

ஆனால் அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே போகிற பக்கத்திலிருந்து செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி வந்தது. துணியில் செம்பழுப்புத் தூள், நடுநடுவே கறுப்புச் செதில். காந்தத்தைக் காட்டினேன், பாதிக்கு மேல் ஒட்டிக்கொண்டது. வெளியே போகிற பக்கத்தில் வந்தது மட்டும் சுத்தமான பெட்ரோல். இதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்வதா, கெட்ட சேதியாகவா?

கரிபடிந்தகை:
இன்ஜெக்டருக்கு நல்ல சேதி. தாள் கிழியவில்லை, இத்தனை வருடமும் வேலை செய்திருக்கிறது. டேங்க்குக்குக் கெட்ட சேதி. 45 லிட்டர் இரும்பு டேங்க், பாதி பெட்ரோலோடு ஐந்து வருடம் நின்றால் மேல் பாதி வியர்த்துத் துருப்பிடிக்கும். சல்லடையைத் தாண்டி வந்த தூள் இது என்றால், சல்லடையிலேயே எவ்வளவு நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். திணறல் திரும்பி வரும்.

நாலாம்கியர்:
மூன்று வாரம். திரும்பி வந்துவிட்டது. இந்த முறை 5,500-ல்.

சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து பம்பை வெளியே எடுத்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய சல்லடை கறுப்பு காலுறை மாதிரி இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் டேங்க்கின் ஒரு மூலை முழுக்கத் துரு. டேங்க்கை இறக்கப் போகிறேன். உள்ளே பூசுகிற கோட்டிங் போடலாமா?

கரிபடிந்தகை:
துருவைக் கரைத்து எடுத்தபின் தகடு கெட்டியாக இருந்தால் கோட்டிங் வேண்டாம். அடியில் ஒரு பொட்டுத் துரு மிச்சம் இருந்தாலும் ஒருநாள் தோல் மாதிரி உரியும், உரிந்தது நேராகச் சல்லடைக்கு வந்து சேரும். எனக்குக் கோட்டிங் மேல் நம்பிக்கை இல்லை, மற்றவர்கள் வேறு சொல்வார்கள். புது சல்லடை போடுங்கள். இப்போது இருக்கிற ஃபில்டரைச் சில நூறு கிலோமீட்டருக்கு அப்படியே விட்டு, மிச்சம் மீதி தூளையும் அது பிடித்த பிறகு இன்னொன்று மாற்றுங்கள்.

கேஜெட்ரோனிக்:
கோட்டிங் போட்டு எட்டு வருடம் ஆகிறது, எனக்கு உரியவில்லை. ஆனால் தகடு ஈரமில்லாமல் காய்வதற்கு நான்கு நாள் காத்திருந்தேன். அவசரக்காரர்களுக்கு அது சரிவராது.

நாலாம்கியர்:
டேங்க் சுத்தம், கோட்டிங் போடவில்லை. புது சல்லடை. 600 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஃபில்டரை மறுபடி மாற்றினேன். மூன்றாவது கியரில் 6,800 வரை ஒரே இழுப்பு. கண்ணாடியில் கட்டிய கேஜ் முள் அசையவில்லை.

கழற்றினதை இரண்டு வாரம் வெயிலில் காயவிட்டு, வாடை முழுசாகப் போனபின் பைப் கட்டரால் அறுத்தேன், ரம்பம் தொடவில்லை. தாள் டப்பாவின் முழு உயரத்துக்கும் இருக்கிறது. மடிப்புக்குள் மடிப்பாகப் பழுப்பு, ஆனால் ஒவ்வொரு மடிப்பின் உள்பக்கமும் இன்னும் வெள்ளை.

புதுச்சாவி:
இழை முழுக்கப் படித்தேன். என்னுடையது 1994, 1.8. அதற்கும் இதே ஃபில்டர்தானா?

கரிபடிந்தகை:
சேசிஸ் எண், நாலு அளவு. எடுத்துவிட்டு வாருங்கள், பேசலாம்.